மாதிரி ராக்கெட் பெயின்ட்டில் சின்னக் குறைகள்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

ஸ்ப்ரே கேனைக் கீழே வைத்த அடுத்த நிமிடமே ஒரு கொசு வந்து ராக்கெட்டின் ஃபின்னில் (வால் பக்கத்துத் துடுப்பில்) உட்காரும். அதை விரலால் எடுக்கப் போனால் பெயின்ட்டில் தடம் விழும். தடத்தை மறைக்க இன்னொரு கோட் அடித்தால் வடியும். வடிந்ததைத் துணியால் துடைத்தால் அடியில் அடித்த பிரைமர் வரை வழித்துக்கொண்டு வரும். கொசுவை அப்படியே விட்டிருந்தால், பெயின்ட் இறுகிய பிறகு இரண்டு நிமிட வேலை. மாதிரி ராக்கெட்டில் வரும் சின்னக் குறைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். ஈரத்தில் கை வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காகிதக் குழாய், பால்சா மர ஃபின், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு என்று செய்து, கேன் ஸ்ப்ரேயில் பெயின்ட் அடித்த ராக்கெட்டுகளுக்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டுக்கு எஸ்டெஸ் நிறுவனத்தின் பிக் பெர்த்தாவை வைத்துக்கொள்வோம். நீளம் சுமார் 61 செ.மீ., குழாயின் விட்டம் 41.6 மி.மீ., பால்சாவில் நான்கு பெரிய ஃபின்கள். பெரும்பாலும் இதற்குப் பளபளக்கும் கறுப்புதான் அடிப்பார்கள். கறுப்பில் எந்தக் குறையும் ஒளியாது. அதனாலேயே கற்றுக்கொள்ள நல்ல ராக்கெட்.

குறை எந்த அடுக்கில் இருக்கிறது?

உப்புத்தாளைத் தேடுவதற்கு முன் டார்ச்சைத் தேடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் குழாயோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் மேடும் பள்ளமும் நிழலோடு தெரியும். பிறகு கட்டைவிரல் நகத்தைக் குறையின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அது மேடு அல்லது பள்ளம். தேய்த்தோ நிரப்பியோதான் சரிசெய்ய வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் மங்கலோ நிறப் பிசகோதான். காம்பவுண்டோ (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) நுனித் தூரிகையோ போதும்.

அடுத்த கேள்வி, இது பெயின்ட்டின் குறையா, அதற்குக் கீழே உள்ளதன் குறையா என்பது. குழாயைச் சுற்றிச் சுருளாக ஓடும் மெல்லிய பள்ளமும், ஃபின்னில் தெரியும் மர வரிகளும் பெயின்ட்டின் குற்றமில்லை. பெயின்ட்டுக்கு முன் பட்டி பார்க்காமல் விட்டதன் விளைவு. மேலே எத்தனை கோட் அடித்தாலும் இவை மறையாது, பளபளப்பு கூடக்கூட இன்னும் நன்றாகத் தெரியும். இவற்றைச் சரிசெய்ய ஒரே வழிதான்: அந்த இடத்தை 400 நம்பர் தாளால் தேய்த்து, தண்ணீர் கலந்து மோர்ப் பதத்துக்கு இளக்கிய மரப் பட்டியைத் தடவி, காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி பெயின்ட் செய்ய வேண்டும். கைநீட்டு தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத வரி என்றால் விட்டுவிடுவதே மேல். அடுத்த ராக்கெட்டில் முதலிலேயே பட்டி பார்த்துக்கொள்ளலாம்.

கையில் என்ன வேண்டும்

கார் பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் கிடைக்கும். 400, 600, 1000, 1500, 2000 நம்பர்களில் ஒவ்வொன்று போதும். கூடவே ஒரு டப்பா மெல்லிய ரப்பிங் காம்பவுண்ட், சின்னப் பள்ளங்களை நிரப்பும் ஸ்பாட் பட்டி ஒரு சின்ன டியூப், நல்ல மாஸ்கிங் டேப், 00 நம்பர் தூரிகை, பல்குச்சி, பஞ்சு உதறாத துணி, ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசை. தாளைச் சுற்றிப் பிடிக்கப் பள்ளிக்கூட அழிரப்பர் ஒன்று, ஒரு மரக் குச்சி. ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக்கொண்டால் தாள் அடைத்துக்கொள்ளாமல் வழுக்கி ஓடும்.

தண்ணீர் என்றதும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் தேய்ப்பது இரும்புக் கார் இல்லை, காகிதக் குழாய். குழாயின் திறந்த வாய் வழியாகவோ, பெயின்ட் தேய்ந்து போன விளிம்பு வழியாகவோ ஈரம் இறங்கினால் காகிதம் ஊதி, அடுக்கு பிரியும். பால்சாவும் அப்படித்தான்: ஈரம் குடித்த இடத்தில் வரிகள் எழும்பிவிடும். எனவே மூக்குக் கூம்பை மாட்டி, பின்வாயை டேப்பால் மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தாளை நனைத்து உதறிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். ராக்கெட்டைத் தண்ணீரில் காட்டக் கூடாது. எங்காவது காகிதமோ மரமோ வெளியே தெரிந்தால் உடனே நிறுத்தி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அந்தப் புள்ளியில் நீர்த்த பசையை ஒரு சொட்டுத் தடவி மூடுங்கள்.

இஞ்சின் உள்ளே இருக்கும் ராக்கெட்டில் எந்த வேலையும் வேண்டாம். முதலில் அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

காய்ந்தது வேறு, இறுகியது வேறு

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பெயின்ட் தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை. மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே இன்னும் மெழுகு போல இருக்கும். அந்த நிலையில் தேய்த்தால் பெயின்ட் பொடியாக உதிராது, உருண்டு உருண்டு தாளில் ஒட்டும். அந்த உருண்டைகள் பக்கத்து இடத்தையும் கீறிவிடும்.

வேகமாகக் காயும் லாக்கர் வகை கேன் என்றால் ஒன்றிரண்டு நாள் போதும். மெதுவாக இறுகும் எனாமலுக்கு ஒரு வாரம் விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம். மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தால் பெயின்ட் வாடை வரக் கூடாது. ஃபின் குழாயோடு சேரும் மூலையில், கண்ணில் படாத இடத்தில் நகத்தை அழுத்தினால் தடம் பதியக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் தாளை எடுக்கலாம்.

தூசியும் கொசுவும்

எளிதான குறையிலிருந்து ஆரம்பிப்போம். 1500 நம்பர் தாளில் பொட்டு அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பர் முனையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நனைத்து, தூசி மேட்டின் மேல் மட்டும் எடையே இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை ஓட்டுங்கள். துடைத்து டார்ச்சில் பாருங்கள். மேடு போய் மங்கல் மட்டும் மிஞ்சினால் 2000 தாளால் இன்னொரு சுற்று, பிறகு துணியில் துளி காம்பவுண்ட் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும்.

இந்த வழி வெறும் நிறப் பெயின்ட்டுக்கு மட்டும். வெள்ளி, தங்கம் போன்ற மெட்டாலிக் பெயின்ட்டைத் தேய்த்தால் அதில் படுத்திருக்கும் அலுமினியத் துகள்கள் அறுபட்டு, அந்த இடம் கறுத்த திட்டாக நிற்கும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் போகாது. அங்கே தூசியைத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த ஃபின் முழுவதற்கும் ஒரு மெல்லிய கோட் அடிக்கத்தான் வேண்டும். ஒளிரும் ஆரஞ்சு, மஞ்சள் வகைகளும் பாலிஷுக்கு ஒத்துவராது. அவற்றுக்குக் கீழே வெள்ளை இருந்தால்தான் ஒளிர்வு வரும். தேய்த்த இடத்துக்கு முதலில் வெள்ளை, பிறகு ஒளிரும் நிறம், கடைசியில் கிளியர் எனும் நிறமற்ற மேல் பூச்சு.

வடிதல்

புதியவர்கள் அதிகம் அஞ்சும் குறை இது. அவசரப்பட்டு அதிகம் கெடுப்பதும் இதைத்தான். கேனை மிக அருகில் பிடித்ததாலோ, கை மெதுவாக நகர்ந்ததாலோ, திரும்பும் இடத்தில் பொத்தானை விடாததாலோ வரும். ஃபின் குழாயோடு சேரும் மூலையில் பெயின்ட் இரண்டு பக்கமிருந்தும் விழுவதால் அங்கேதான் முதலில் வடியும்.

கண் எதிரே வடியத் தொடங்கினால் ஒரே ஒரு வைத்தியம் உண்டு. பெயின்ட் அடிக்க ராக்கெட்டை மாட்டியிருக்கும் கம்பியோடு அதைப் படுக்கை வாக்கில் பிடித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்தில் பெயின்ட் தானாகப் பரவிச் சமமாகலாம். ஃபின்னின் கீழ் விளிம்பில் துளியாகத் தொங்கினால், உலர்ந்த தூரிகையின் நுனியை அந்தத் துளியில் மட்டும் தொட்டு உறிஞ்சி எடுக்கலாம். அவ்வளவுதான். இதற்கும் அடங்காவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுங்கள்.

வடிந்த இடம் தடிமனானது. சுற்றியுள்ள பெயின்ட் இறுகினாலும் அதன் நடு இறுக இன்னும் ஒரு வாரம் பிடிக்கும். பொறுத்திருந்து, வடிந்த தடத்தின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். 400 நம்பர் தாளைச் சின்ன மரத்துண்டில் சுற்றி, தடத்தின் மேட்டை மட்டும் நீளவாக்கில் தேயுங்கள். விரலில் சுற்றித் தேய்க்கக் கூடாது. விரல் மென்மையானது, மேட்டைத் தாண்டி இரு பக்கமும் அமுங்கி, தடத்தின் ஓரங்களில் இரண்டு வாய்க்கால் வெட்டிவிடும். டேப்பில் தாள் உரசத் தொடங்கியதும் மேடு கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது என்று பொருள். டேப்பை உரித்துவிட்டு 600, 1000, 1500, 2000 என்று வரிசையாக ஏறி, காம்பவுண்டில் முடியுங்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிக்கத்தான்; நடுவில் ஒன்றைத் தாண்டினால் பழைய கீறல் வெயிலில் காட்டிக் கொடுத்துவிடும்.

கை பழகியவர்கள் தாளுக்குப் பதில் சவர பிளேடை எடுப்பார்கள். பிளேடின் இரு ஓரங்களிலும் ஒரு சுற்று டேப் ஒட்டி, நடுவில் ஒரு செ.மீ. மட்டும் வெறுமையாக விட்டு, நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினால் மேடு சீவல் சீவலாக வரும். ஓரத்து டேப்பின் தடிமன் பிளேடைப் பெயின்ட்டிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடிப்பதால் சுற்றுப்புறம் கீறாது. குழாயில் வேண்டாம், தட்டையான ஃபின்னில் மட்டும் செய்யுங்கள்.

ஆரஞ்சுத் தோல்

பெயின்ட் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகளாக, கமலா ஆரஞ்சின் தோல் போல இருக்கும். கேன் மிகத் தள்ளி இருந்தாலோ, வெயிலில் அடித்தாலோ, துளிகள் போய்ச் சேரும் முன்பே பாதி காய்ந்துவிடும். ஒன்றோடொன்று கலந்து சமமாக நேரம் இருக்காது. 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் பெரும்பாலான கேன்களுக்குச் சரி. கேன் குளிர்ந்திருந்தாலும் துளி பெரிதாக விழும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்க வைத்து நன்றாகக் குலுக்கினால் போதும். அடுப்பருகிலோ கொதிநீரிலோ ஒருபோதும் வேண்டாம், கேன் வெடித்துவிடும்.

சரிசெய்ய 1000 தாளில் தொடங்கி, குழாயில் நீளவாக்கில் தேயுங்கள். சமமான இடம் மங்கும், குழிகள் பளபளக்கும். கடைசிப் பளபளப்புப் புள்ளி மறைந்ததும் நிறுத்தி 1500, 2000, காம்பவுண்ட். இதில் ஆபத்து ஒன்றுதான். மூன்று கோட் சேர்ந்தாலும் சாதாரண எழுதும் தாளின் தடிமன் வருவதே அரிது. தண்ணீரில் நிறம் கலந்து வருவது இயல்பு. பிரைமரின் சாம்பல் நிறம் தலைகாட்டினால் எல்லை தாண்டிவிட்டீர்கள். ஃபின்னின் விளிம்புகளில் பெயின்ட் இன்னும் மெல்லியது. அங்கே டேப் ஒட்டிப் பாதுகாத்துவிட்டுத்தான் மற்ற இடத்தைத் தேய்க்க வேண்டும்.

மீன்கண், சுருக்கம், வெண்படலம்

வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி, நடுவில் அடித்தளம் தெரிந்தால் அதுதான் மீன்கண்; காரணம் எண்ணெய்ப் பசை. பிளாஸ்டிக் மூக்குக் கூம்பில் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய எண்ணெய் ஒட்டியிருக்கும். விரல் ரேகையும் இதைச் செய்யும். அதே அறையில் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். இன்னும் பெயின்ட் ஊற்றி நிரப்பப் பார்க்காதீர்கள், அதுவும் விலகும். இறுகியதும் 600 தாளால் குழியின் ஓரங்களைச் சரித்துத் தேய்த்து, பாத்திரத் திரவம் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இனி வெறும் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பனி தூவுவது போல மெல்லிய கோட் இரண்டு. அது பிடித்துக்கொண்ட பிறகே முழுக் கோட்.

பெயின்ட் முதலைத் தோல் போலச் சுருங்கினால் குற்றம் நேரத்தில் இருக்கிறது. சில எனாமல் கேன்களில் “ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், இல்லையேல் 48 மணி நேரம் கழித்து” என்று போட்டிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் புதிய கோட்டின் தின்னர் பாதி இறுகிய கீழ்க் கோட்டுக்குள் இறங்கி அதை ஊத வைக்கும். எனாமலின் மேல் லாக்கர் அடித்தாலும் இதே கதி. லாக்கரின் மேல் எனாமல் பெரும்பாலும் நிற்கும், தலைகீழ் கூடாது. சுருக்கத்துக்குக் குறுக்கு வழி கிடையாது. ஒரு வாரம் விட்டு, சுருங்கிய அடுக்கு முழுவதையும் தேய்த்து எடுத்து, பிரைமரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பழைய குழாய்த் துண்டு ஒன்றில் முதலில் அடித்துப் பாருங்கள்.

வெண்படலம் பயமுறுத்தும், ஆனால் சாது. காற்றில் ஈரம் மிகும்போது, வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரச் செய்து, அதன் மேல் ஈரம் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. கறுப்பு சாம்பல் பூத்தது போல ஆகும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் லாக்கரிலும் கிளியரிலும் இதை அடிக்கடி பார்க்க நேரும். உலர்ந்த வெயில் நாளில், நண்பகலுக்குச் சற்று முன், நிழலில் வைத்து அதே கிளியரை மெல்லியதாக ஒரு கோட் அடித்தால், தின்னர் மேல் அடுக்கை இளக்கி ஈரத்தை வெளியே விட்டுவிடும். பெரும்பாலும் படலம் போய்விடும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் கேனைத் தொடாதிருந்தால் இந்த வேலையே வராது.

டேப்புக்கு அடியில் கசிவும், பெயர்ந்த மூலையும்

வெள்ளையின் மேல் சிவப்புப் பட்டை அடித்து டேப்பை உரித்தால் ஓரத்தில் ரம்பப் பல் போலச் சிவப்பு கசிந்திருக்கும். சிவப்பு இறுகிய பிறகு, பல்குச்சியின் முனையைச் சீவித் தட்டையாக்கி, கசிந்த பல்லை மட்டும் சுரண்டிப் பாருங்கள். கீழே நன்றாக இறுகிய வெள்ளை இருந்தால் சிவப்பு மட்டும் விலகி வரும். வராவிட்டால் 00 தூரிகையில் வெள்ளை தொட்டு மூடுங்கள். அடுத்த முறை டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் வெள்ளையையே ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். கசிவது வெள்ளையாக இருக்கும், யாருக்கும் தெரியாது; அதற்கு மேல் சிவப்பு போக இடம் இருக்காது.

தூரிகைக்குப் பெயின்ட் எங்கே? வேறு டப்பா வாங்க வேண்டாம், நிறம் பொருந்தாது. அதே கேனிலிருந்தே எடுக்கலாம். கண்ணாடி, முகமூடி அணிந்து, வெளியில் நின்று, கேனின் துளையில் ஒரு உறிஞ்சுகுழலைப் பொருத்தி, சின்ன மூடிக்குள் மெதுவாக அடியுங்கள். உள்ளே கரைந்திருக்கும் வாயு வெளியேறும் வரை அது நுரைத்துக்கொண்டிருக்கும். கால் மணி நேரமாவது திறந்து வைத்து, நுரை அடங்கிய பிறகே தூரிகையைத் தொடுங்கள். நுரையோடு தடவினால் கொப்புளங்கள் அப்படியே உறைந்துவிடும்.

இறங்கும்போது தரையில் மோதி ஃபின்னின் மூலை பெயர்ந்திருந்தாலும் இந்தப் பெயின்ட்டே உதவும். மரம் நசுங்கியிருந்தால் முதலில் நீர்த்த பசை ஒரு சொட்டு, காய்ந்ததும் 400 தாள். பள்ளம் ஆழமென்றால் ஸ்பாட் பட்டி, மெல்லிய இரண்டு பூச்சாக. ஒரே தடவையில் அப்பினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதன் மேல் பல்குச்சி நுனியில் பெயின்ட் துளியை வையுங்கள். காயும்போது துளி அமுங்கும் என்பதால் ஒரு நாளுக்கு ஒரு துளியாக, சுற்றுப்புறத்தைவிட ஒரு மயிரிழை உயரும் வரை சேர்த்து, இறுகியதும் 1500 தாளில் சமன்படுத்துங்கள்.

பெரிய இடமாக இருந்து மறுபடி ஸ்ப்ரே அடிக்க நேர்ந்தால் நடுவில் திட்டுத் திட்டாக அடிக்காதீர்கள். ஒரு முழு ஃபின், அல்லது இரண்டு பட்டைகளுக்கு இடையே உள்ள குழாய் என்று இயற்கையான எல்லை வரை அடித்தால் இணைப்பு தெரியாது. எல்லையே இல்லாத இடத்தில் டேப்பின் ஓரத்தைப் பின்னால் சுருட்டித் தூக்கி நிறுத்துங்கள். பெயின்ட் அங்கே கூரிய கோடாக நிற்காமல் மங்கி முடியும்.

கண்ணுக்குத் தெரியாத மூன்று குறைகள்

இதுவரை சொன்னவை அழகு சம்பந்தப்பட்டவை. இவற்றோடு ராக்கெட் பறக்கும். பின்வரும் மூன்றில் ஒன்று இருந்தாலும் ஏவக் கூடாது.

மூக்குக் கூம்பின் கழுத்திலோ குழாயின் உள்வாயிலோ பெயின்ட் பட்டிருந்தால் கூம்பு இறுகிக்கொள்ளும். பாராசூட்டை வெளியேற்ற இஞ்சினில் வைத்திருக்கும் மருந்து வெடிக்கும்போது கூம்பு கழலாது, பாராசூட் வெளியே வராது. ராக்கெட்டைக் கூம்பைப் பிடித்துத் தூக்கினால் கூம்பு நழுவக் கூடாது. லேசாக இழுத்தால் தடையில்லாமல் வந்துவிட வேண்டும். இறுக்கமாக இருந்தால் கழுத்தை 400 தாளால், தண்ணீர் இல்லாமல், சுற்றிச் சுற்றித் தேய்த்துக் குறையுங்கள். ஈரப்பதமான நாளில் காகிதம் ஊதி இன்னும் இறுகும் என்பதால் ஏவுதளத்திலும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஏவுகம்பி நுழையும் சின்னக் குழலுக்குள் பெயின்ட் திரண்டிருந்தால் ராக்கெட் கம்பியில் சிக்கும். தாளை மெல்லிய சுருளாக்கி உள்ளே விட்டுச் சுத்தம் செய்து, 3 மி.மீ. கம்பியில் மாட்டிப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும்.

மூன்றாவது எடை. ஃபின்களுக்கு மறுபடி பிரைமர், பட்டி, பெயின்ட், கிளியர் என்று ஏற்றும்போது வால் கனத்து, ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகரும். அது காற்றழுத்த மையத்துக்கு (பறக்கும்போது பக்கவாட்டுக் காற்றின் விசை மொத்தமும் விழுவதாகக் கொள்ளும் புள்ளிக்கு) குறைந்தது ஒரு குழாய் விட்டம் முன்னால் இருக்க வேண்டும். பிக் பெர்த்தாவில் சுமார் 4.2 செ.மீ. இஞ்சினையும் பாராசூட்டையும் போட்டு, ஒரு நூலில் தொங்கவிட்டு ராக்கெட் சமனாக நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டுக்கு முன் குறித்த இடத்தைவிட அது வால் பக்கம் வந்து அந்த இடைவெளி குறைந்திருந்தால், மூக்குக் கூம்புக்குள் களிமண்ணைச் சிறிது சிறிதாக அடைத்து இடைவெளி வரும்வரை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பார்த்தபிறகு இஞ்சினைக் கழற்றிவிட மறக்க வேண்டாம்.